ஒப்படைத்த ஆய்வேட்டைத் திரும்ப வாங்கிய இசபெல் அம்மையாருக்கு

வெள்ளைப்பாறைத் தோட்டத் தமிழ் வித்தியாலயத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ் கற்பித்து, இன்று பணி ஓய்வு பெறும் முதுதத்துவமாணி திருமதி இசபெல் மரியநாயகம் அவர்களுக்கு ஆசிரியர் குழாம் வாசித்தளிக்கும் மடல்

மலையகம் மணக்கத் தமிழ் வளர்த்த மாண்பாளரே! மழை மறித்தாலும் மண் சரிந்தாலும் மணியடிக்கும் முன்பே வகுப்பு வாசலில் நின்ற வண்ணத் தமிழ் அன்னையே! கற்பித்துக் களைத்த பின்னும் கற்றுக் களைக்காத கலைச்செல்வியே! வணக்கம்.

சுடுசொல் அறியாத சொற்செல்வி என்றும் எழுதத்தான் நினைத்தோம். உங்களிடம் கட்டுரைக் கொப்பியைத் திருப்பி வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் பலர் இச்சபையில் இருப்பதால் அந்த வரியை வெட்டிவிட்டோம். சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்குச் சிறப்புச் சித்தி பெற்றவர்களின் பட்டியல் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. நோர்வூட்டிலும் கந்தப்பளையிலும் நோட்டன் பிரிட்ஜிலும் இன்று தமிழ் கற்பிக்கும் உங்கள் மாணவர்கள் பின் வரிசைகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவற்றை எண்ணிச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டோம்.

இதுவரை வழக்கப்படி வந்தோம். இனி வழக்கத்தை விடுகிறோம், பொறுத்தருள்க. காரணம் நீங்கள்தான். முன்னாள் அதிபர் கணேசமூர்த்தி அவர்களின் பிரியாவிடையில் அவர் உங்களை இரண்டு வரி புகழத் தொடங்கியதுமே, தேத்தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்த்து வருகிறேன் என எழுந்து போன நீங்கள், கூட்டம் முடியும்வரை திரும்பவில்லை. முன்னால் உட்கார்த்தி வைத்து ‘நீங்கள், நீங்கள்’ என்று புகழ்ந்தால் இன்றும் அதுதான் நடக்கும். அதனால் மடல் எழுதும் பொறுப்பேற்ற யோகேஸ்வரன் ஆசிரியர் ஒரு வழி சொன்னார். இசபெல் என்று ஒரு டீச்சர் இருந்தார் எனக் கதையாகச் சொல்லிவிடுவோம், யாருடைய கதையோ என்று அவரும் இருந்து கேட்பார் என்றார். ஆகவே அம்மா, இனி வரும் இசபெல் டீச்சர் நீங்களல்ல. தயவுசெய்து நாற்காலியை விட்டு எழ வேண்டாம்.

இசபெல் டீச்சருக்கு நாற்பத்தாறு வயதானபோது எம்.பில். எனும் முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் படிக்கும் ஆசை வந்தது. நம்மில் பலர் அந்த வயதில் முழங்கால் வலிக்கு எண்ணெய் தேடிக்கொண்டிருப்போம். அவரோ வெள்ளிக்கிழமை பின்னேரம் ஹட்டனுக்குப் போய் அங்கிருந்து கண்டி பஸ் ஏறி, பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, ஞாயிறு பூசைக்கு ஊர் திரும்பிவிடுவார். திங்கட்கிழமை எட்டாம் வகுப்பில் ஒன்றுமே நடக்காதது போல் பாடம் எடுப்பார். எடுத்த தலைப்போ பெரியது. இலக்கியம் சமூகத்தைக் காட்டுகிறதா, காட்டுகிறதென்றால் அது சரியாகத்தான் காட்டுகிறதா என்று சொல்ல உரிமை யாருக்கு இருக்கிறது? மலையக மக்களைப் பற்றி எழுதப்பட்ட நாவல்களை எடுத்து, அவற்றில் வரும் மௌனத்தை ஆராயப் புகுந்தார். அவமதிப்பு, பசி, சாவு எது வந்தாலும் வாய் திறவாமல் தாங்கிக்கொள்ளும் பெண்கள் அந்த நாவல்களில் நிறைய. அந்த மௌனமே மலையகத்தின் பெருமை என்பது அவருடைய முடிவு.

வெறும் நூலகத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நாவல் யாரைப் பற்றியதோ அவர்களிடமே அதை வாசித்துக் காட்டிக் கேட்பதென்று தீர்மானித்தார். இப்படி ஒருவரும் அதற்கு முன் செய்ததில்லை என்று மேற்பார்வைப் பேராசிரியரே வியந்திருக்கிறார். சனிக்கிழமைகளில் கண்டிப் பயணத்தை நிறுத்தினார். பகல் நிறுவை முடிந்து கீழ்ப்பிரிவுப் பெண்கள் கொழுந்து மடுவத்தில், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் அந்தத் தகரக் கொட்டகையில், ரொட்டியைப் பிரித்து உட்காரும் அரை மணி நேரத்துக்கு அங்கே போய்விடுவார். தான் மிகவும் உயர்த்திப் பிடித்த ஒரு நாவலை அவர்களுக்கு வாசித்தார். அதன் பெயர் இங்கே வேண்டாம், எழுதியவர் நல்ல மனிதர், இன்று இல்லை. வாசித்து முடித்ததும் கொப்பியைத் திறந்து ஒவ்வொருவராகக் கேட்பார்.

“கதை எப்படிங்க இருந்துச்சு?”

“நல்லா இருக்குங்க டீச்சர்.”

“அந்தப் பொண்ணு ஒண்ணும் பேசாம பொறுத்துக்கிட்டது சரின்னு நினைக்கிறீங்களா?”

“சரிதாங்க டீச்சர்.”

பத்துச் சனிக்கிழமைகள், நாற்பத்திரண்டு பெண்கள். பேச்சியம்மா சொன்னதும் அதுதான், அழகம்மா சொன்னதும் அதுதான். இசபெல் டீச்சர் அட்டவணை போட்டார், நான்காம் இயலை எழுதினார், மூன்று பிரதி கட்டுவித்துப் பீட அலுவலகத்தில் ஒப்படைத்தார். நாங்கள் ஆசிரியர் அறையில் கேக் வெட்டினோம். கல்வியியற் கல்லூரியில் விரிவுரையாளர் பதவி ஒன்றுக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். அடுத்த மாதம் நேர்முகம். இந்தப் பட்டம் கைக்கு வந்தால் அந்த இடம் அவருக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். ஆசிரியராகப் போகிறவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் யாரிடமும் அதிகம் சொல்லாத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஆசை.

ஒப்படைத்து இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, அந்தப் பெண்களுக்கு நன்றி சொல்லலாமென்று பிஸ்கட் பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு டீச்சர் மலையேறினார். நேரமாகிவிட்டதால் குடையைப் பிடித்தபடி குறுக்குப் பாதையால் போனார். மடுவத்துக்குக் கீழே, மண்ணணையோடு ஒட்டி அந்தப் பாதை ஏறுகிறது. மேலே ஒரே சிரிப்பாக இருந்தது. அதற்கு நடுவே தன்னுடைய குரலையே கேட்டு டீச்சர் நின்றுவிட்டார். அவருடைய இழுப்பு, அவருடைய நிறுத்தம், வசனம் முடிகிற இடத்தில் அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றுவதற்காக விடுகிற அந்தச் சின்ன இடைவெளி, எல்லாம் அப்படியே இருந்தன. பேச்சியம்மா நாவல் வாசித்துக்கொண்டிருந்தார், புத்தகம் இல்லாமலே.

“‘தாயின் உடல் லயத்து வீட்டிலே கிடந்தது. அவளோ கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மீண்டும் கொழுந்தைக் கொய்தாள்.’ ஏன்டி, ஆத்தா செத்துக் கெடக்கா, இவ கொழுந்து கொய்றாளாம்!”

“அதும் கதையில போன வாரந்தான் கவ்வாத்து வெட்டின மலையில!” என்றார் அழகம்மா. “அங்க ஏதுடி கொழுந்து? குச்சியக் கொய்தாளோ என்னமோ.”

“சாவு விழுந்தா ஒரு ஆள் மலையில நிப்பாளா? கூடையக் கவுத்துட்டு எறங்கிற மாட்டோம்? தொரையே வந்து நின்னாலும் எறங்குவோம்.”

“அப்ப டீச்சர்கிட்ட அதச் சொல்லியிருக்கலாம்ல?”

“கொப்பியோட வந்தவங்ககிட்ட என்னைக்குடி நாம நெசத்தச் சொல்லியிருக்கோம்?” என்று பேச்சியம்மா கேலியை விட்டுக் கேட்டார். “அவங்க பாவம், எவ்வளவு ஆசையா வாசிச்சாங்க. நல்லாயில்லன்னா மனசு ஒடஞ்சிருவாங்க.”

கவ்வாத்து வெட்டினால் தேயிலைச் செடியில் வெறும் தடிதான் மிஞ்சும், மாதக்கணக்கில் கொழுந்து வராது. தோட்டத்தில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். சாவு விழுந்த நாளில் அந்தப் பிரிவே வேலை நிறுத்தி வீட்டுக்கு இறங்குவது தாத்தன் காலத்திலிருந்து வருகிற வழக்கம். டீச்சரின் அம்மாவும் இதே கீழ்ப்பிரிவில் கொழுந்தெடுத்தவர். அவர் இறந்த அன்று மலையில் ஒரு கூடை இருக்கவில்லை. இவ்வளவும் தெரிந்த டீச்சர் அந்தப் பக்கத்தை ஆறு தடவை வாசித்திருக்கிறார், அதன் அழகைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறார். புத்தகத்தைக் கையில் எடுத்ததும் தான் எங்கே பிறந்தோம் என்பதே மறந்துபோனதை நினைக்க அவருக்கு முகம் எரிந்தது.

அதைவிட மோசமானது அந்த நாற்பத்திரண்டு பதில்கள். கணக்கெடுக்க வந்தவரிடமும் தோட்டத்தை நடத்தும் துரையிடமும் சொல்லும் பதிலைத்தான் அவர்கள் டீச்சரிடமும் சொல்லியிருக்கிறார்கள். மலையகத்தின் மௌனம் என்று அவர் பெருமையாக எழுதியது, கொப்பியோடு வருகிறவர்களுக்கென்று ஒதுக்கி வைத்த மரியாதை. அவர் மேலே போகவில்லை. வந்த வழியே இறங்கிவிட்டார். பிஸ்கட்டுகள் திங்கட்கிழமை ஆசிரியர் அறைக்கு வந்தன. ஏன் எதற்கு என்று கேட்காமல் நாங்கள் சாப்பிட்டோம்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுக் கண்டிக்குப் போனார். பேராசிரியர் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“இசபெல், நீங்க கேட்டீங்க, அவங்க சொன்னாங்க, நீங்க எழுதினீங்க. இதுல என்ன பிழை இருக்கு?”

“அவங்க எனக்குச் சொல்லல சேர். கொப்பிக்குச் சொன்னாங்க.”

“இது யாருக்குத் தெரியப் போகுது? பரீட்சகர்கள் மலைக்குப் போய் விசாரிக்கவா போறாங்க? முதல்ல பட்டத்த வாங்குங்க. அடுத்த மாசம் நேர்முகம் இருக்கு. இந்த இடம் போனா உங்க வயசுக்கு இன்னொரு தடவ வராது.”

“தெரியும் சேர்.”

அவருக்கு உண்மையாகவே தெரியும். பீட அலுவலகத்தில் எழுதுவினைஞர் ஒரு படிவத்தை நீட்டினார். ஆய்வேட்டைத் திரும்பப் பெறுவதற்கான காரணம் என்ற இடத்தில் டீச்சர் இப்படி எழுதியிருக்கிறார்: ‘பதில்கள் உண்மையானவை அல்ல. பிழை கேட்டவருடையது.’ மூன்று பிரதியையும் சுமந்துகொண்டு ஹட்டன் பஸ்ஸில் நின்றபடியே வந்தார். இடையில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தும் உட்காரத் தோன்றவில்லை என்று பின்னர் ஒருமுறை சொன்னார்.

இங்கே நாங்கள் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆய்வேடு திரும்பி வந்துவிட்டது என்றதும், பல்கலைக்கழகம் தள்ளிவிட்டது என்றே நாங்கள் முடிவு கட்டினோம். இந்த வயதில் எதற்கு இந்த வேலை என்று முதுகுக்குப் பின்னால் பேசினோம், முகத்துக்கு நேரே ஆறுதல் சொன்னோம். அவர் எங்களைத் திருத்தவில்லை. உண்மையைச் சொன்னால் பேச்சியம்மாவையும் மற்றவர்களையும் காட்டிக்கொடுப்பதாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். பின்னர் அவருடைய புதிய ஆய்வேட்டை வாசித்துத்தான் நடந்ததை அறிந்தோம். அந்த நாள்களை எண்ணும்போது எங்களுக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது, அம்மா.

சித்திரை விடுமுறை வந்தது. டீச்சர் கீழ்ப்பிரிவுக் கங்காணி சின்னத்தம்பியிடம் போய்த் தனக்கு ஒரு கூடை வேண்டும் என்றார். புகைப்படத்துக்கா என்று கங்காணி கேட்டார். இல்லை, விடுமுறை முழுவதும் கொழுந்தெடுக்க என்றார் டீச்சர். கங்காணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தோட்ட அலுவலகத்தில் அனுமதி வாங்கி, பேச்சியம்மாவுக்கு அடுத்த நிரையில் அவரை விட்டார். கொப்பி கிடையாது, புத்தகம் கிடையாது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு முதல் சரிவிலேயே அவிழ்ந்து விழுந்தது. அட்டைகள் அவரைக் கண்டதும் மற்றவர்களை விட்டுவிட்டன. பகல் நிறுவையில் கங்காணி அவருடைய கூடையைத் தரையில் கொட்டிப் பார்த்தார்.

“டீச்சருன்னு பாக்க மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. இது கொழுந்தா, மாட்டுக்குப் போடுற தழையா?”

“முத்தின எலைய எதுக்குங்க பறிக்கிறீங்க?” என்று பேச்சியம்மாவும் சேர்ந்துகொண்டார். “விரலுக்கு மெதுவா இருக்குறத மட்டும் கிள்ளுங்க. எத்தன தடவ சொல்றது?”

டீச்சர் குனிந்து முத்தல் இலையைப் பொறுக்கினார். நாள் தவறாமல் ஏச்சு வாங்கினார். ஒன்பதாம் நாள் மாலை, கடைசி நிறுவைக்கு இறங்கும்போது, பேச்சியம்மா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“டீச்சர். அந்தப் பொஸ்தகம்... அது நல்லாயில்லீங்க.”

டீச்சர் திரும்பாமல் நடந்தபடியே, “எந்த எடம்?” என்று மட்டும் கேட்டார்.

மடை திறந்தது என்பார்களே, அதுதான் நடந்தது. அந்த விடுமுறையும், அதற்கடுத்த இரண்டு விடுமுறையும் பேச்சு ஓயவில்லை. கதையில் வரும் பெண்கள் ஒன்று அழுகிறார்கள், இல்லாவிட்டால் பாடுகிறார்கள், பத்து மணிக்கு ஒருத்திக்கும் பசிக்கவில்லையே என்றார் அழகம்மா. இருநூறு பக்கத்தில் ஓர் அட்டைகூடக் கடிக்கவில்லையே என்றார் இன்னொருவர். பிள்ளையின் பரீட்சையைப் பற்றி ஒரு தாயும் கவலைப்படாதது ஏன் என்று ஒருவர் கேட்டார். டீச்சர் மலையில் எதையும் எழுதவில்லை. மாலையில் வீட்டில் நினைவிலிருந்து எழுதி, அடுத்த நாள் ரொட்டி வேளையில் அதை வாசித்துக் காட்டுவார். ‘நான் அப்படிச் சொல்லலையே’ என்று அவர்கள் அடித்துத் திருத்துவார்கள். திருத்தியதைத் திரும்பவும் வாசிப்பார்.

அவர்கள் குறை மட்டும் சொல்லவில்லை. அந்த நாவலில் யாரும் கவனிக்காத ஒரு வரி இருந்தது. நெடுங்காலம் நாடற்றவளாக இருந்து பிரஜாவுரிமை கிடைத்து, முதன்முதலாக அடையாள அட்டை பெற்ற ஒரு கிழவி பஸ்ஸில் போகிறாள். அட்டையைப் பையில் வைக்காமல், எல்லோர் கண்ணிலும் படும்படி கையில் பிடித்துக்கொண்டே போகிறாள். அவ்வளவுதான், கதை அவளைத் தாண்டிப் போய்விடுகிறது. பேச்சியம்மா அந்தப் புத்தகத்தை மறுபடி கொண்டுவரச் சொல்லி, இந்த வரியை நான்கு தடவை வாசிக்கச் சொன்னார். “இத எழுதினவரு பாத்திருக்காரு டீச்சர்,” என்றார் பேச்சியம்மா. “மத்தது கேள்விப்பட்டு எழுதினது. இது பாத்து எழுதினது.” எத்தனையோ பேர் பக்கம் பக்கமாக எழுதியும் பிடிபடாத ஒன்றை, இடுப்பில் படங்கு கட்டிய ஒரு பெண் அரை நிமிடத்தில் பிடித்துக் கொடுத்ததைக் கண்டு டீச்சர் மலைத்துப் போனார். நாங்களும் அதை வாசித்த நாள் முதல் அதே மலைப்பில்தான் இருக்கிறோம்.

புதிய ஆய்வேட்டை எழுதி முடிக்க மேலும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதன் கடைசியில் திறனாய்வாளர்கள் என்ற பட்டியலில் பதினேழு அறிஞர்களும் கீழ்ப்பிரிவுப் பெண்கள் பதினான்கு பேரும் அகர வரிசையில் ஒன்றாக நின்றார்கள். வாய்மொழிப் பரீட்சையில் சிக்கல் அங்கேதான் வந்தது. தொழிலாளிகளைத் தகவல் தந்தோர் என்று பின்னிணைப்பில் போடுங்கள், இன்றே கையெழுத்திடுகிறோம் என்றார்கள் பரீட்சகர்கள்.

“போடலாம் சேர்,” என்றார் டீச்சர். “ஆனா இதுல இருக்கிற முக்கியமான கருத்தெல்லாம் அவங்களோடது. அவங்களத் தகவலாக்கிட்டு என்னை ஆய்வாளராக்கினா அது களவு. இந்தத் தடவையும் நான் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன்.”

அவரை வெளியே வாங்கில் உட்காரச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் இருந்தார். திரும்ப அழைத்தபோது மூத்த பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். “அம்மா, அந்த நாவலைப் பற்றி நான் மூன்று கட்டுரை எழுதியிருக்கேன். அந்த அடையாள அட்டை வரி என் கண்ணில படவே இல்ல,” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார். பட்டம் வந்தது. கல்வியியற் கல்லூரிப் பதவி எப்போதோ வேறொருவருக்குப் போயிருந்தது. அதன் பயனாக எட்டு ஆண்டுகளுக்கு மேல் அவரை நாங்களே வைத்துக்கொண்டோம்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். யோகேஸ்வரன் ஆசிரியர் எழுதிய மடலிலும் இங்கேதான் முடிந்தது. ஆனால் உங்களிடம் கற்ற பாடத்தை மறக்காமல், எழுதியதைச் சென்ற சனிக்கிழமை கீழ்ப்பிரிவு மடுவத்துக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினோம். பேச்சியம்மா முழுவதும் கேட்டார். ‘மலைமகளே, மாதரசியே’ என்று நாங்கள் போட்டிருந்ததை, இது யாரு என்று கேட்டு எடுக்க வைத்தார். பிறகு, ஒன்பதாம் நாள் வந்த இடத்துக்குத் திரும்பவும் போகச் சொன்னார்.

உங்கள் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில், ‘கூடை சுமந்து, அவர்களுடைய ஏச்சை ஏற்றுக்கொண்டதாலேயே அவர்கள் மனம் திறந்தனர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்துத்தான் நாங்களும் எழுதினோம். அம்மா, அந்த வரி பிழை. அவர் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் கீழே தருகிறோம்.

“கூட தூக்கினா நாங்க பேசிருவோமா? தொர ஊட்டு விருந்தாளுகளுந்தான் போட்டோவுக்குக் கூட தூக்குறாங்க. நாங்க சிரிச்ச அன்னிக்கி, குறுக்குப் பாதையில டீச்சரோட கொட எறங்கிப் போறத நான் பாத்துட்டேன். அப்பறம் டீச்சர் எழுதின பொஸ்தகம் திரும்பி வந்துருச்சின்னு ஸ்கூல் புள்ளைங்க வந்து சொல்லிச்சுங்க. எங்களாலதான்னு வெளங்கிருச்சு. டீச்சர் கூட கேட்டு வந்தப்ப, ஏசத்தான் வர்றாங்கன்னு இருந்தோம். ஒவ்வொரு நாளும் பாத்துக்கிட்டே இருந்தோம், ஏசல. அந்த ஒம்பதாம் நாளு போன் வந்துச்சு. ‘வேற ஆளப் போட்டுட்டாங்களா, சரிங்க, நல்லதுங்க’ன்னாங்க. போன வச்சிட்டு, கூடைக்குள்ள மொகத்த வச்சிக்கிட்டு அழுதாங்க. நாங்க பாக்காத மாதிரி அடுத்த நெரைக்குப் போயிட்டோம். வெக்கப்பட்டுருவாங்கன்னு இத்தன வருசமா யாருகிட்டயும் சொல்லல. அந்த வேல போனதுக்கு எங்கள ஒரு வார்த்த கேக்கலையே. அதனாலதான் அன்னிக்கி சாயந்தரம் நான் வாயத் தொறந்தேன். இதயும் எழுதுங்க. இப்ப டீச்சருக்குத் தெரியட்டும்.”

எழுதிவிட்டோம்.

கல்விக்கு ஒரு கண்ணியமும் கண்ணியத்துக்கு ஒரு முகமும் உண்டென்று காட்டிய எங்கள் பெருமாட்டியே! நீங்கள் நீண்ட நாள் நோய் நொடியின்றி இருக்க வேண்டும். குளிர் உங்கள் மூட்டைத் தீண்டாதிருக்கட்டும், எழுத்து உங்கள் கண்ணை வாட்டாதிருக்கட்டும். கணவர் மரியநாயகம் அவர்களோடும் மக்களோடும் மகிழ்வோடு வாழ, நீங்கள் வணங்கும் ஆண்டவரையும் நாங்கள் வணங்கும் தெய்வங்களையும் வேண்டிக்கொள்கிறோம். மூன்றாம் இயலைத் திருத்தி எழுத வேண்டியிருப்பதால் உங்களுக்கு முழு ஓய்வு தர எங்களால் இயலவில்லை. பேச்சியம்மா முன் வரிசையில், உங்களுக்கு நேர் எதிரே இருக்கிறார். இனி நீங்கள் எழுந்து போகலாம், அம்மா. தேத்தண்ணீர்ப் பக்கம் வேண்டாம், அவரிடம் போங்கள்.

இங்ஙனம்,
உங்களை அன்று தவறாக நினைத்து, இன்று தலைவணங்கும்
அதிபர், ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்
வெள்ளைப்பாறைத் தோட்டத் தமிழ் வித்தியாலயம்

திருத்தங்களைச் சரிபார்த்து, தாமே கேட்டு வாங்கி ஒப்பமிட்டோர்:
பேச்சியம்மா, அழகம்மா மற்றும் கீழ்ப்பிரிவுத் திறனாய்வாளர் பன்னிருவர்